பிளிங்கர் எரியவில்லை, பொத்தான் கேட்கவில்லை: சாலை கடக்கும் இடத்துக் கருவிகளின் பழுதை அறிகுறி பார்த்துக் கண்டறியும் முறை

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று செட்டிநாட்டு ஊர்களில் பள்ளி வாசலிலும் கோயில் வாசலிலும் நின்று, விட்டு விட்டு மினுக்கி வண்டிகளை எச்சரிக்கும் மஞ்சள் பிளிங்கர் விளக்குகளில் பல, ஏதேனும் ஒரு சங்கமோ கடையோ உபயமாகக் கொடுத்தவை. கொடுப்பதற்கு ஆள் கிடைப்பதுபோல் பராமரிப்பதற்குக் கிடைப்பதில்லை என்பதால், உபயப் பலகையின் எழுத்து மங்குவதற்கு வெகு முன்பே விளக்கு மங்கிவிடுகிறது. இத்தகைய பிளிங்கர்களையும், பொத்தான் அழுத்தினால் நடப்போருக்குப் பச்சை தரும் சிக்னல்களையும் மீண்டும் மீண்டும் பழுது பார்த்ததில் திரண்ட வழிமுறை இது. பழுதின் காரணம் பெரும்பாலும் தூசி, நிழல், பேட்டரி ஆகிய மூன்றுக்குள் அடங்கிவிடும். அதைப் பார்க்காமல் புதுக் கருவி வாங்குவது பணத்தை வீணாக்கும்.

கம்பத்தின் அடியில் நின்று கண்ணால் பார்ப்பதையும் கைப்பேசியில் நேரம் குறிப்பதையும் யார் வேண்டுமானாலும் செய்யலாம். 12 வோல்ட் சோலார் பெட்டியைத் திறப்பது, அந்தக் கருவியைப் பராமரிக்கும் பொறுப்பை எழுத்து மூலம் பெற்றவருக்கு மட்டும் உரியது. 230 வோல்ட் மின்சாரம் வரும் சிக்னல் பெட்டியை உரிய பணியாளர் தவிர வேறு எவரும் தொடக் கூடாது.

## உடனே ஆளைக் கூப்பிட வேண்டிய அறிகுறி: வண்டிக்கும் பச்சை, நடப்போருக்கும் பச்சை

இதற்குச் சோதனை எதுவும் கிடையாது. ஒழுங்காக இயங்கும் சிக்னலில், முரண்பட்ட இரண்டு பச்சைகள் ஒரே நேரத்தில் எரிந்தால் அதைக் கண்டுகொண்டு எல்லா விளக்குகளையும் மினுக்கு நிலைக்குத் தள்ளும் பாதுகாப்புச் சுற்று ஒன்று இருக்கும். இரண்டு பச்சைகளும் தொடர்ந்து எரிகின்றன என்றால் அந்தச் சுற்றும் செயலிழந்திருக்கிறது என்று பொருள். 112 எண்ணில் காவல் துறைக்குச் சொல்லிவிட்டு, ஆள் வரும் வரை நடப்போரை அந்த இடத்தில் கடக்க விடாமல் தடுப்பது ஒன்றே செய்ய வேண்டியது. சிவப்பு மனிதனும் பச்சை மனிதனும் சேர்ந்து எரிவதற்கும், கம்பத்தைத் தொட்டால் சுருக்கென்று மின்சாரம் உறைப்பதற்கும் இதே விதி பொருந்தும். மின்கசிவு என்றால் மின்வாரியத்தின் மின்னகம் எண்ணான 94987 94987-க்கும் சொல்ல வேண்டும்.

விளக்குகள் முற்றிலும் அணைந்து கிடப்பது இதைவிடக் குறைந்த ஆபத்து என்பது என் கருத்து. அணைந்த விளக்கைப் பார்ப்பவர் இருபுறமும் பார்த்துக் கடப்பார். பொய்ப் பச்சையைப் பார்ப்பவர் அதை நம்பி இறங்கிவிடுவார்.

## பிளிங்கர் எந்த நேரத்திலும் எரியவில்லை

செலவில்லாத சோதனை: நிழலும் தூசியும். காலை 9 மணிக்கும், உச்சியிலும், பிற்பகல் 3 மணிக்கும் கம்பத்தின் அடியில் நின்று சோலார் பேனலைப் பாருங்கள். 10 வாட் பேனலில் வழக்கமாக 36 செல்கள் வரிசையாக இணைந்திருக்கும். அவற்றில் ஒன்றிரண்டின் மீது வேப்பங்கிளையின் நிழலோ காக்கை எச்சமோ விழுந்தாலே மொத்த மின்னோட்டமும் பெருமளவு குறைந்துவிடும். நான் கண்டவற்றில் வேடிக்கையானது, உபயம் அளித்தவரின் பெயர்ப் பலகையே பேனலுக்குத் தெற்கே உயரமாக நின்று, ஐப்பசி முதல் தை வரை உச்சி வெயிலை மறைத்துக்கொண்டிருந்தது. பலகையைக் கீழே இறக்கியதும் விளக்கு எரியத் தொடங்கியது. வேறு செலவு எதுவும் ஆகவில்லை.

நம் பக்கத்துச் செம்மண் புழுதி, பனி ஈரத்தில் பேனலின் கீழ் விளிம்பில் பட்டையாக இறுகிவிடும். காரைக்குடி ஏறத்தாழ 10 பாகை வட அட்சத்தில் இருப்பதால் பேனலைக் கிட்டத்தட்டப் படுக்கையாகவே பொருத்துகிறார்கள். அதனால் மழை நீர் புழுதியை அடித்துக்கொண்டு போவதில்லை. தெற்கு நோக்கி 10 முதல் 15 பாகை வரை சாய்வு இருந்தால் பேனல் தானாகவே ஓரளவு கழுவிக்கொள்ளும். வெயில் ஏறுவதற்கு முன், ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். சூடேறிய கண்ணாடி மீது குளிர்ந்த நீரைக் கொட்ட வேண்டாம்.

அடுத்தது: ஃபியூஸும் முனைகளும். பெட்டியைத் திறந்தவுடன் பெரும்பாலும் கண்ணில் படுவது எறும்புப் புற்றோ குளவிக் கூடோ பல்லி முட்டையோதான். அவற்றை அகற்றிவிட்டு ஃபியூஸைப் பாருங்கள். அது கருகியிருந்தால் அதே ஆம்பியர் அளவுள்ள ஃபியூஸை மட்டுமே போட வேண்டும். செப்புக் கம்பியைச் சுற்றி வைப்பவர் அடுத்த முறை பெட்டியையே மாற்ற நேரும். பேட்டரி முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தால் இணைப்பைக் கழற்றி, சமையல் சோடா கரைத்த நீரில் நனைத்த தூரிகையால் தேய்த்து, நன்றாக உலர்த்தி, வாஸ்லின் தடவி இறுக்குங்கள். பேட்டரியையும் உலோக அரிப்பையும் ஆராய்வதற்கென்றே 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கும் ஊரில், தெருவிளக்குப் பேட்டரிகள் அரித்துச் சாவதைப் பார்க்கும்போது சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அதற்கும் அடுத்தது: மல்டிமீட்டர். நல்ல வெயிலில், இணைப்பு கழற்றிய நிலையில், 12 வோல்ட் வகைப் பேனல் 20 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்ட வேண்டும். ஆனால் இந்த எண்ணை மட்டும் நம்பிவிடக் கூடாது. அழுக்கேறிய பேனலும் ஏறக்குறைய இதே வோல்ட்டைக் காட்டும். மீட்டரை 10 ஆம்பியர் நிலையில் வைத்துக் குறுக்கிணைப்பு மின்னோட்டத்தையும் (பேனலின் இரு முனைகளையும் மீட்டர் வழியாக நேராக இணைத்தால் ஓடுவது) பாருங்கள். 10 வாட் பேனலுக்கு உச்சி வெயிலில் அது 0.6 ஆம்பியரை ஒட்டி இருக்க வேண்டும், 0.2 மட்டுமே வந்தால் அழுக்கு, நிழல், உள் விரிசல் ஆகியவற்றுள் ஒன்று காரணம். பேனல் நன்றாக இருந்தும் நண்பகலில் பேட்டரி முனையில் 13.5 முதல் 14.4 வோல்ட் வரை ஏறவில்லை என்றால், பேட்டரிக்கு ஏறும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சார்ஜ் கன்ட்ரோலரையோ பேட்டரியையோ சந்தேகிக்க வேண்டும். கன்ட்ரோலரைக் கழற்றும்போது முதலில் பேனலையும் பிறகு பேட்டரியையும் பிரியுங்கள். மாட்டும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல். இந்த வரிசை பிசகியதால் கருகிய கன்ட்ரோலர்கள் ஏராளம்.

இங்கே நிறுத்துங்கள்: மேற்கண்ட அனைத்தும் சரியாக இருந்தும் விளக்கு எரியவில்லை என்றால் பழுது எல்.இ.டி. பலகையிலோ மினுக்குச் சுற்றிலோ இருக்கிறது. அதைப் பெட்டியோடு கழற்றி, விற்றவரிடமோ மின்னணுப் பழுது பார்ப்பவரிடமோ கொடுத்துவிடுவது நல்லது. ஏணியில் நின்றபடி சால்டரிங் செய்ய முயல வேண்டாம்.

## மாலையில் எரிகிறது, நள்ளிரவுக்கு முன்பே அணைந்துவிடுகிறது

அதிகமாக வரும் புகார் இதுவே. ஏழு மணிக்குப் பார்ப்பவர் விளக்கு எரிகிறது என்று சொல்வார். அதிகாலையில் பால் வாங்கப் போகிறவர் எரியவில்லை என்று சொல்வார். இருவர் சொல்வதும் உண்மை.

கணக்கு எளிது. 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி கொண்ட புதிய பேட்டரியில் 84 வாட்-மணி மின்சாரம் அடங்கும். சராசரியாக 2 வாட் இழுக்கும் பிளிங்கர், மார்கழியின் பன்னிரண்டரை மணி நேர இரவுக்கு 25 வாட்-மணி எடுக்கும். அதாவது புதிய பேட்டரி மூன்று இரவுகளைத் தாங்கும். அதன் கொள்ளளவு கால் பங்காகத் தேய்ந்தபின் ஒரே இரவைக்கூடத் தாங்காது. ஈய-அமில பேட்டரியின் ஆயுள், 25 பாகை செல்சியஸுக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஏறத்தாழப் பாதியாகும் என்பது இத்தொழிலில் பொதுவாக ஏற்கப்பட்ட விதி. சித்திரை வெயிலில் மூடிய இரும்புப் பெட்டிக்குள் அது படும் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை.

முதலில், அடைமழை நாட்களில் மட்டும் இவ்வாறு நேர்கிறதா என்று பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் தொடர்ந்து மேகம் மூடிய நாட்களுக்குப் பின் அணைந்து, இரண்டு நாள் வெயிலுக்குப் பின் தானாகச் சரியானால் பழுது இல்லை. பேனலின் அளவு போதவில்லை, அவ்வளவே. வெயில் நாளிலும் அணைந்தால் மேலே சொன்னபடி பேனலைத் துடைத்துவிட்டு மூன்று நாட்கள் காத்திருங்கள். அதன் பிறகும் மாற்றமில்லை என்றால், மாலையில் பேனலையும் விளக்கையும் பிரித்து ஒரு மணி நேரம் விட்டு ஈய-அமில பேட்டரியை அளந்து பாருங்கள். 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் பெரும்பகுதி காலி. 12.6 காட்டிய பேட்டரி, விளக்கை இணைத்த சிறிது நேரத்தில் 11-க்குக் கீழே இறங்கினால் அதன் காலம் முடிந்துவிட்டது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகைக்கு இந்த எண்கள் பொருந்தா. அது கடைசி வரை 13 வோல்ட்டை ஒட்டியே நின்று திடீரென்று சரியும்.

மாற்றும்போது பணம் இருந்தால் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையை வாங்கலாம், வெப்பத்தை நன்றாகத் தாங்கும். ஆனால் சார்ஜ் கன்ட்ரோலர் அதற்கு ஏற்றதுதானா என்று உறுதி செய்துகொண்டு வாங்க வேண்டும். பணம் குறைவு என்றால் ஈய-அமில பேட்டரியே போதும். பெட்டியைப் பேனலின் நிழல் விழும் பக்கத்துக்கு மாற்றி, வெளியே வெள்ளை வண்ணம் பூசுங்கள். பெட்டியின் கதவில் பேட்டரி மாற்றிய மாதத்தையும் ஆண்டையும் அழியாத மையில் எழுதி வைப்பது, அடுத்து வருபவரின் பாதி வேலையைக் குறைக்கும்.

## இரவில் எரியவில்லை. அல்லது பகலிலும் எரிகிறது

இருட்டிய பின் மட்டும் எரிய வேண்டிய கருவிகளுக்கு உரியது இது. பல கருவிகளில் தனிக் கண் கிடையாது. பேனலிலிருந்து வரும் வோல்ட் குறைவதை வைத்தே இரவு என்று புரிந்துகொள்கின்றன.

புதிதாக உயர்கோபுர விளக்கு போட்ட பிறகு அருகிலுள்ள பிளிங்கர் இரவில் எரிவதில்லை என்றால், அந்த வெளிச்சம் பேனலில் விழுந்து அதைப் பகல் என்று நம்ப வைக்கிறது. இருட்டிய பின் பேனலைத் தடித்த சாக்கால் மூடிச் சில நிமிடங்கள் காத்திருங்கள். விளக்கு மினுக்கத் தொடங்கினால் காரணம் அதுவே. பேனலைச் சற்றுத் திருப்புங்கள், அல்லது அந்தப் பக்கம் சிறு மறைப்பு வையுங்கள்.

பட்டப்பகலில் மினுக்கினால், பேனலிலிருந்து வரும் கம்பி அறுந்திருக்கக்கூடும். கருவி அதை இரவு என்று எண்ணி மினுக்கித் தீர்த்துவிட்டு, சில நாட்களில் பேட்டரி காலியாகி முற்றிலும் அணைந்துவிடும். அணில் கடித்த கம்பி இதற்கு வழக்கமான காரணம். வளைகுழாய்க்குள் கம்பியை விட்டு மாற்றுங்கள்.

## பொத்தானை அழுத்தியும் பச்சை வரவில்லை

முதலில் காத்திருந்து பாருங்கள். பொத்தான் ஒரு கோரிக்கையைப் பதிவு செய்கிறது. உடனே வண்டிகளை நிறுத்துவதில்லை. ஒரு முழுச் சுற்று முடிய ஒன்றரை நிமிடமோ இரண்டு நிமிடமோ ஆகலாம். பத்து முறை குத்தினாலும் அது ஒரு முறை அழுத்தியதாகவே கணக்கு. அழுத்தியதும் எரிய வேண்டிய சிறு சிவப்பு விளக்கு எரிந்து, இரண்டு சுற்றுகள் கடந்தும் பச்சை வரவில்லை என்றால்தான் பழுது. பின்னிரவில் சிக்னல் முழுவதும் மஞ்சள் மினுக்கு நிலைக்கு மாறியிருந்தால் பொத்தானுக்கு வேலையே இல்லை.

சிறு விளக்கும் எரியவில்லை என்றால் பொத்தானைப் பாருங்கள். ஒட்டப்பட்ட சுவரொட்டியின் பசை உள்ளே இறங்கி இறுகியிருக்கலாம். மழை நீர் புகுந்திருக்கலாம். எதிர்க்கரையிலுள்ள பொத்தான் வேலை செய்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். அது வேலை செய்தால் பழுது இந்தப் பொத்தானிலோ அதன் கம்பியிலோதான். இரண்டும் கேட்கவில்லை என்றால், அண்மையில் குடிநீர்க் குழாய்க்கோ பாதாளச் சாக்கடைக்கோ சாலையைத் தோண்டினார்களா என்று பக்கத்துக் கடையில் விசாரியுங்கள். தோண்டிய தேதியும் பொத்தான் நின்ற தேதியும் ஒன்றாக இருந்தால் துறைக்கு எழுதும் கடிதத்தில் அதைத் தவறாமல் குறிப்பிடுங்கள். கம்பி அறுந்த இடத்தை அவர்கள் தேட வேண்டியிருக்காது.

இடி மழைக்குப் பிறகு நின்றுவிட்டது என்றால் மின்னல் தடுப்பு அலகைப் பணியாளர் பார்க்க வேண்டும். அதன் சிறு சாளரம் பச்சையிலிருந்து சிவப்பாக மாறியிருந்தால் அலகு தன்னைப் பலி கொடுத்திருக்கிறது; அதை மாற்ற வேண்டும். அத்தோடு நில்லாமல், நிலத்தொடர்பின் மின்தடையையும் அளக்கச் சொல்லுங்கள். சரளையும் செம்புறாங்கல்லும் கலந்த நம் நிலம் கோடையில் வறண்டுவிட்டால் எர்த் குழி வெறும் பெயருக்குத்தான் இருக்கும்.

இவை அனைத்துக்கும் சிக்னல் பெட்டியைத் திறக்க வேண்டும் என்பதால், எதிர்க்கரைப் பொத்தானைச் சோதித்த இடத்தோடு நம் வேலை முடிந்தது.

## யாரும் நிற்காதபோதும் நடப்போருக்குப் பச்சை வருகிறது

இதைச் சிறு குறை என்று விட்டுவிடக் கூடாது. வெறும் சாலையில் பலமுறை காரணமின்றி நின்ற ஓட்டுநர், ஆள் நிற்கும்போதும் நிற்க மாட்டார்.

ஒவ்வொரு சுற்றிலும் தவறாமல் வந்தால் பொத்தான் உள்ளேயே சிக்கியிருக்கிறது. அல்லது பொத்தான் பழுதானபோது தற்காலிகமாக வைத்த தானியங்கு நிலையை யாரும் திரும்ப மாற்றவில்லை. விட்டு விட்டு வந்தால், சில சிக்னல்களில் ஆள் நிற்பதைத் தானாக அறிய வைத்திருக்கும் உணர்கருவியைப் பாருங்கள். ரேடார் அசைவதை எல்லாம் ஆளாக எண்ணும்; நடைபாதையில் திரியும் மாடு, காற்றில் படபடக்கும் பிளெக்ஸ், தாழ்ந்த கிளை எதுவும் அதற்குப் போதும். இரவில் மட்டும் வந்தால் கேமராவின் முன் சிலந்தி வலை பின்னியிருக்கிறதா என்று பாருங்கள். அகச்சிவப்பு ஒளி பட்டு அது பேருருவமாகத் தெரியும். கிளையையும் பிளெக்ஸையும் உரியவரிடம் சொல்லி அகற்றச் செய்யுங்கள். உணர்கருவியின் பார்வைப் பரப்பை மாற்றியமைப்பது நிறுவியவரின் வேலை.

இதற்கு நேர்மாறாக, கோடை நண்பகலில் மட்டும் ஆள் நிற்பது தெரியாமல் போகிறது என்றால் அது வெப்பத்தை உணரும் வகையாக இருக்கும். சுற்றுப்புறமும் தளமும் உடல் வெப்பத்தை எட்டும்போது ஆளைப் பிரித்தறிய அதனால் முடிவதில்லை. துடைத்தோ திருப்பியோ இதைச் சரி செய்ய முடியாது. பொத்தானும் கூடவே வேண்டும் என்று கேளுங்கள்.

## பச்சை வருகிறது, கடந்து முடிவதற்குள் போய்விடுகிறது

ஓரத்திலிருந்து ஓரம் வரை சாலையின் அகலத்தை நாடாவால் அளங்கள். நடப்போர் நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பர் என்பது சிக்னல் கணக்குகளில் வழக்கமாகக் கொள்ளும் வேகம். 14 மீட்டர் சாலைக்கு அது ஏறத்தாழ 12 நொடி. பிள்ளைகள் வெளியூரில் இருக்க, பெரியவர்கள் மட்டும் தங்கியிருக்கும் வீடுகள் நம் ஊர்களில் நிறைய. கைத்தடியோடு நொடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் ஆச்சிக்கு அதே சாலை 17.5 நொடி. நிலைத்த பச்சையையும் மினுக்கும் பச்சையையும் கைப்பேசியில் தனித்தனியே அளந்து எழுதுங்கள். மினுக்கத் தொடங்கும் நொடியில் காலெடுத்து வைத்தவரும் கடந்து முடிக்கும்படி மினுக்கு நேரம் இருக்க வேண்டும்.

காலை, நண்பகல், மாலை என்று மூன்று வேளையும் அளங்கள். பள்ளி நேரத்துக்கு நீண்ட பச்சையை அமைத்திருந்தும் அது வரவில்லை என்றால், சிக்னலை இயக்கும் கன்ட்ரோலரின் கடிகாரம் பிசகியிருக்கக்கூடும். உள்ளிருக்கும் நாணய அளவு பேட்டரி தீர்ந்துவிட்டால் ஒவ்வொரு மின்தடைக்குப் பிறகும் கடிகாரம் தவறி, பள்ளி நேரத் திட்டம் நள்ளிரவில் ஓடும். மலிவான பாகம்தான், ஆனால் பணியாளர்தான் மாற்ற வேண்டும். நேரத்தை மாற்றக் கோரும் கடிதத்தை, அளந்த எண்களோடு போக்குவரத்துக் காவலுக்கும் சாலைக்குரிய துறைக்கும் கொடுங்கள்.

தைப்பூசத்துக்குப் பழநி நோக்கிக் குன்றக்குடி வழியாகப் பாதயாத்திரை செல்லும் நாட்களிலும், முத்துமாரியம்மன் கோயில் பால்குட நாளிலும் எந்த நேரக் கணக்கும் போதாது. அன்று சிக்னலைக் கையால் இயக்கக் காவலர் நிற்க வேண்டும். அதை முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

## ஒலி கேட்கவில்லை

பார்வையற்றோருக்கான ஒலி தேய்ந்துபோனால், ஒலிபெருக்கியின் துளைகளில் புழுதி அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சுற்றுச் சத்தத்துக்கு ஏற்ப ஒலியைக் கூட்டும் வகையில் மைக்கின் துளை அடைபட்டாலும் இதே விளைவுதான். இரண்டும் சரி என்றால், பக்கத்து வீட்டார் புகாரின் பேரில் யாரேனும் அளவைக் குறைத்திருப்பர். இரவுக்கு மட்டும் குறைக்கும் அமைப்பைக் கேளுங்கள். சிவப்பின்போது பச்சைக்குரிய ஒலி வந்தால், அது இக்கட்டுரையின் முதல் அறிகுறியோடு சேரும்.

## எல்லாம் எரிகிறது, வண்டிகள் நிற்கவில்லை

மின்சாரத்தில் தேட வேண்டாம். பழுது சாலையில் இருக்கிறது. வண்டி வரும் திசையில் 60 மீட்டர் தள்ளி நின்று, ஓட்டுநரின் கண் உயரத்திலிருந்து பாருங்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் கண்டு, உணர்ந்து, நிறுத்த இந்திய சாலைக் காங்கிரஸ் கணக்கிடும் தொலைவு அது. 60 கிலோமீட்டர் வேகம் என்றால் 80 மீட்டர். அங்கிருந்து ஜீப்ரா கோடு தெரிகிறதா, பிளிங்கரைப் பிளெக்ஸோ நிறுத்திய வேனோ மறைக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். மறைப்பை அகற்றுவதும் கோட்டைத் திரும்ப வரைவதும்தான் மலிவான தீர்வு.

இரவிலும் அதே இடத்தில் நில்லுங்கள். கடப்பவர் கருநிழலாகத் தெரிந்தால் தெருவிளக்கு அவருக்குப் பின்னால் இருக்கிறது. விளக்கு, வண்டி வரும் பக்கம் கோட்டுக்குச் சற்று முன்னதாக இருந்தால்தான் வெளிச்சம் ஆளின் மேல் விழும். இதைச் சரி செய்யாமல் இன்னொரு பிளிங்கர் வைப்பதில் பயனில்லை.

இவற்றுக்கும் மசியாவிட்டால் வேகத்தைத்தான் குறைக்க வேண்டும். கடக்கும் இடத்தையே நடைபாதை உயரத்துக்கு மேடையாக உயர்த்துவது நல்ல பலன் தரும். அதற்குச் சாலை யாருடையது என்று தெரிந்திருக்க வேண்டும். திருமயத்திலிருந்து காரைக்குடி, தேவகோட்டை வழியாக இராமநாதபுரம் செல்வது தேசிய நெடுஞ்சாலை என்பதால் அதற்கு 1033 என்ற உதவி எண்ணும் உண்டு. ஊருக்குள்ளே செல்லும் உள்ளூர்ச் சாலைகள், 2024-இல் மாநகராட்சியான காரைக்குடியில் மாநகராட்சியையும், பிற ஊர்களில் நகராட்சி, பேரூராட்சி ஆகியவற்றையும் சேரும். ஏனையவற்றில் பல மாநில நெடுஞ்சாலைத் துறைக்கு உரியவை. பதில் வராவிட்டால் சிவகங்கை ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுங்கள். சாலை வடிவமைப்பு, பராமரிப்புத் தரங்களைக் கடைப்பிடிக்காததால் உயிரிழப்போ ஊனமோ நேர்ந்தால் பொறுப்பானவருக்கு 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கும் 198ஏ பிரிவு, 2019 திருத்தத்தின் மூலம் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்திருக்கிறது. அதை மனுவில் ஒரு வரியாகக் குறிப்பிட்டு, 60 மீட்டரிலிருந்து எடுத்த பகல் படம் ஒன்றையும் இரவுப் படம் ஒன்றையும் கம்ப எண்ணோடு இணைத்து, ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.